அப்பாவும் நானும் சேர்ந்து ஆடும் கடல் விளையாட்டு: நான் கோவை திரும்பிய பிறகும் தொடர வழி இருக்கிறதா?

பாம்பன் பொண்ணு

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தை முழுசாகச் சொன்னால்தான் சரியான பதில் கிடைக்கும்.

எனக்கு 29 வயது. ஊர் பாம்பன், வேலை கோயம்புத்தூரில். அப்பாவுக்கு 61. முப்பத்தைந்து வருடம் விசைப்படகில் கடலுக்குப் போனவர், கடைசி இருபது வருடம் டிரைவர். போன ஐப்பசியில் மடி (இழுவலை) ஏற்றும்போது, அதை இழுக்கும் வின்ச் எந்திரத்தின் கயிறு வலது தோளைச் சுற்றி இழுத்துவிட்டது. தசை கிழிந்து ஆபரேஷன் ஆனது. இனிமேல் தொழிலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படகில் இருந்த பங்கையும் விற்றுவிட்டோம். அதற்குப் பிறகு அப்பா வீட்டில் பேசியதை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இந்த மீன்பிடித் தடைக்காலத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று ஆபீஸில் கேட்டு ஊருக்கு வந்தேன். ஒரு ராத்திரி வேலை முடிந்ததும் லேப்டாப்பை டிவியில் செருகி, ஃபிஷிங்: பேரண்ட்ஸ் சீ என்ற விளையாட்டைப் போட்டேன். நார்வேக்காரர்கள் உருவாக்கியது, 2018-ல் வெளிவந்தது. தாத்தா விட்டுப்போன சின்னப் படகோடு ஆரம்பித்து, தூண்டில், வலை, மடி என்று தொழில் செய்து, மீனை விற்று, கடன் வாங்கிப் பெரிய படகு எடுக்க வேண்டும். நான் அதைத் தள்ளுபடியில் வாங்கிப் போட்டு இரண்டு வருடம் தொடவே இல்லை.

அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கடல் கொந்தளிக்க ஆரம்பித்தது. நான் படகை எப்படியோ திருப்ப, பக்கவாட்டில் அலை வந்து அடித்தது. அடித்த சத்தம் கேட்டதும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா, அணியத்தை அலைக்குக் குடு. விலாவைக் காட்டாத."

அணியம் என்றால் படகின் முன்பக்கம். சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். இடது கையைக் காற்றில் வைத்து மெதுவாகத் திருப்பிக் காட்டினார், அங்கே சுக்கான் இருக்கிற மாதிரி. நான் அவர் கையைப் பார்த்தே கன்ட்ரோலரைத் திருப்பினேன். படகு நேரானது. அதற்கப்புறம் ராத்திரி ஒரு மணி வரை இரண்டு பேரும் தூங்கவில்லை.

எங்கள் பக்கம் பெண்கள் பாசி எடுக்கத் தீவுகளுக்குப் போவார்கள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு விசைப்படகில் ஏறிப் போயிருக்கிறோம். ஆனால் தொழிலுக்குப் போகும் படகில் நான் கால் வைத்ததே இல்லை. அப்பா அங்கே என்ன செய்வார், எப்படி நிற்பார், எப்போது சாப்பிடுவார், எனக்கு எதுவும் தெரியாது. கரையில் அவர் குளித்துவிட்டுத் தூங்குகிற அப்பாதான். இப்போது தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு நாங்கள் இருவரும் கடலுக்குப் போகிறோம். நான் சுக்கான், அவர் பக்கத்தில். எதிரொலிக் கருவியில் ஆழம் பார்த்து முதல் நாள் அதிர்ந்துபோனார். நம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஏழு பாகம் வந்தாலே பெரிசு (ஒரு பாகம் சுமார் ஆறு அடி). விளையாட்டில் வரும், நார்வேக்கு வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலின் சராசரி ஆழம் 230 மீட்டர், அதாவது 125 பாகத்துக்கு மேல். "இம்புட்டு ஆழத்துல எவ்வளவு ரோப் விடுவான்?" என்று கேட்டு, தானே விரல் விட்டுக் கணக்குப் போட்டார். அங்கே பிடிக்கும் காட் மீனின் படத்தை போனில் பெரிசாக்கிக் காட்டினேன். தாடையில் ஒற்றை மீசை இருக்கிறது. "கலவா உடம்பு, கெளுத்தி மீசை" என்றார். எங்கள் வீட்டில் இப்போது அதற்குப் பெயர் மீசைக் கலவா.

இரண்டாம் நாள் வரைபடத்தைத் திறந்தபோது ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "இதுல கோடு எங்க இருக்கு?" நான் பார்த்தவரை அப்படி எதுவும் இல்லை என்றேன். "அப்ப நிம்மதியா ஓட்டலாம்" என்றார். ஜிபிஎஸ்ஸில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே இருபது வருடம் ஓட்டியவர். இலங்கை எல்லைக் கோட்டின் எண்களை இப்போது கேட்டாலும் ஒப்பிப்பார்.

இனி என் கேள்விகள்.

ஜூன் 14-ஓடு 61 நாள் தடை முடிகிறது. நான் 13-ஆம் தேதி கோவை போயாக வேண்டும். இப்போது எல்லாரும் கரையில் இருப்பதால் அப்பாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 15-ஆம் தேதி எல்லாப் படகும் கிளம்பும், அவர் மட்டும் நிற்பார். அன்றைக்கு நானும் இருக்க மாட்டேன். லேப்டாப் ஆபீஸுக்கும் அதுதான், என்னோடு வந்துவிடும். தூரத்திலிருந்து சேர்ந்து ஆட வழி உண்டா?

இரண்டாவது, அவருக்கு வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. என்ன கன்ட்ரோலர் வாங்கலாம்?

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கம் கெடுப்பது. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. இப்போதெல்லாம் அப்பா விடியற்காலையில் மறுபடி ஜெட்டிக்கு நடக்கிறார். "கடல்ல இருந்து மீண்டு வந்த மனுசன மறுபடி கடல்ல தள்ளுறியேடி" என்று அம்மா நேற்று அழுதுவிட்டார். நான் செய்வது தப்பா?

சிஸ்டம் அண்ணன், ராமநாதபுரம்

தங்கச்சி, முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன். கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் என் பிழைப்பு.

அந்த விளையாட்டு ஒரே ஆள் ஆடுவது. விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தில் 2019-லிருந்து ரிமோட் பிளே டுகெதர் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஒரே திரையில் பல பேர் ஆடும்படி செய்த விளையாட்டுகளுக்கு மட்டும்தான். உனக்கு வேண்டியது ஸ்டீம் லிங்க் ஆப். விளையாட்டு கோவையில் உன் லேப்டாப்பில் ஓடும். படம் மட்டும் நெட் வழியாக பாம்பன் டிவிக்கு வரும். அப்பா அழுத்தும் பட்டன் திரும்ப உன் லேப்டாப்புக்குப் போகும். இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்ப்பீர்கள், இரண்டு பேர் கையிலும் கட்டுப்பாடு இருக்கும்.

டிவி ஆண்ட்ராய்டு டிவியா என்று பார். இல்லையென்றால் ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கிச் செருகு. நீ கிளம்புவதற்கு முன்பே, ஒரே வைஃபையில் இருக்கும்போது டிவியையும் லேப்டாப்பையும் இணைத்துவிடு. திரையில் வரும் எண்ணை லேப்டாப்பில் போட்டால் முடிந்தது. கோவை போய்ச் சேர்ந்தபின் போனில் சொல்லிக்கொடுத்து அப்பாவை இதைச் செய்யவைக்கப் பார்க்காதே, இரண்டு பேருக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இங்கே எல்லாரும் தவறுவது ஒரு இடத்தில். பாம்பனில் நெட் வேகம் போதுமா என்று பார்ப்பார்கள். படம் கிளம்புவது உன் பக்கம். அதனால் கோவையில் உன் அப்லோடு வேகம்தான் முக்கியம். லேப்டாப்பை வைஃபையில் விடாதே, ரவுட்டரிலிருந்து நேராக கேபிள் போடு. படத்தின் தரத்தை 720-க்குக் குறைத்துவை. கடலுக்கு அது போதும். வீட்டு ரவுட்டருக்கு ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கிக் கொடு. கரண்ட் போய் வந்தால் அப்பா மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

கன்ட்ரோலர் ஒயர் இல்லாததாக வாங்கு. ஒயர் இருந்தால் அதன் இழுப்பு தோளில் தெரியும். மடியில் ஒரு தலையணை, அதன்மேல் இரண்டு கை. முழங்கையைத் தூக்கவே வேண்டாம்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் செய். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கமிருந்து என் கடைக்கு வரும் போர்டுகளைத் திறந்தால் பச்சை பூத்திருக்கும். உப்புக்காற்று வேலை. கடல் பக்க ஜன்னலுக்கு நேரே எதையும் வைக்காதே. ஆடி முடித்ததும் கன்ட்ரோலரை உலர்ந்த துணியால் துடைத்து, மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டுவைக்கச் சொல். கச்சான் (மேல்காற்று) அடிக்கிற மாதங்களில் இது ரொம்ப அவசியம்.

கீழக்கரை டூ துபாய்

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நானும் வாப்பாவும் மூன்று வருடமாக போனில் கேரம் ஆடுகிறோம். கேரம் பூல். பெரிய விளையாட்டு ஒன்றுமில்லை. வாப்பா இஷா தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்காரும்போது ஊரில் மணி ஒன்பது, எனக்கு இங்கே ஏழரை. இங்கே வாட்ஸ்அப்பில் கால் பேச முடியாது, அதனால் ஒரு போனில் போட்டிம் ஆப்பில் கால், இன்னொரு போனில் ஆட்டம். உம்மா பக்கத்தில் இருந்து குரல் கொடுப்பார்.

முன்பு எங்கள் கால் இரண்டு நிமிடம். சாப்டியா, உடம்பு எப்படி, பணம் வந்துச்சா, சரி வை. ஆட்டம் வந்தபிறகு நாற்பது நிமிடம். பேச்சு ஆட்டத்தைப் பற்றி இருக்காது. வாப்பா ஸ்ட்ரைக்கரைக் குறிவைத்துக்கொண்டே "நேத்து சுகர் பாத்தேன், 280" என்றார். நேருக்கு நேராக இருந்தால் அதை என்னிடம் சொல்லியிருக்கவே மாட்டார். கண் பலகையில் இருந்ததால் வாய் சொல்லிவிட்டது. மறுநாளே காக்காவை (அண்ணனை) அனுப்பி டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னேன்.

நேரத்தை மாற்றாதீர்கள் சகோதரி. ஒன்பதரை என்றால் ஒன்பதரை. ஆபீஸ் மீட்டிங் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் ஒரு நாள் சொல்லாமல் விட்டேன். வாப்பா பதினோரு மணி வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக உம்மா சொன்னார். இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

மண்டபம் வாசகர்

விளையாட்டு நல்லதுதான். ஆனால் அப்பா கையில் ஸ்மார்ட் டிவியும் நெட்டும் கொடுக்கும்போது பணம் கட்டி ஆடும் ஆப் எதுவும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டமே நிறைவேற்றிவிட்டது. இருந்தாலும் ரம்மியில் பங்குக் காசை முழுவதும் இழந்தவர்களை நான் பக்கத்துத் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஆப் வாங்கும் பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும்.

பாம்பன் பொண்ணு

எல்லாருக்கும் நன்றி. அண்ணா, டிவி ஆண்ட்ராய்டுதான், நேற்றே இணைத்துவிட்டேன். ஒயர் இல்லாத கன்ட்ரோலரும் தலையணையும் அப்பாவுக்கு வசதியாக இருக்கிறது. படகு ஆடுகிற ஆட்டத்தில் எனக்குத்தான் அரை மணியில் தலை சுற்றுகிறது, அவருக்கு ஒன்றுமே இல்லை. பாஸ்வேர்டு என்னிடம்தான் இருக்கிறது.

கீழக்கரை சகோதரர் சொன்னது அப்படியே நடக்கிறது. நேற்று படகு துறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே, தோள் கிழிந்த அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாதது. கயிறு சுற்றியபோது வின்ச்சை நிறுத்தியது பதினெட்டு வயதுப் பையனாம், முதல் தடவை கடலுக்கு வந்தவன். அவன் அரை நிமிடம் தாமதித்திருந்தால் கையே போயிருக்கும் என்றார். அந்தப் பையனை இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

உச்சிப்புளி டீச்சர்

அம்மாடி, அதற்கு நான் சொல்கிறேன். எனக்கு 63 வயது, 33 வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். என் மகன் பெங்களூரில் இருக்கிறான். நாங்கள் ஆடுவது ஓவர்குக்டு 2. ஒரு அடுப்படியில் இரண்டு பேர், நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஒருவர் நறுக்க ஒருவர் வேகவைக்க வேண்டும், தட்டும் கழுவ வேண்டும். சிஸ்டம் தம்பி சொன்ன அந்த ரிமோட் பிளேயில்தான் அவன் என்னைச் சேர்த்துக்கொள்கிறான்.

முதல் தடவை அவன் நேரில் வந்து சொல்லிக்கொடுத்தபோது, நான் வெங்காயத்தைத் தவறான இடத்தில் வைத்துவிட்டேன். சட்டென்று என் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கி அவனே செய்துவிட்டான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். நாற்பது வருடம் அடுப்படியில் நின்றவளுக்கு அந்த ஒரு நொடி எப்படி இருந்தது என்று அவனுக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. உன் அப்பாவிடமிருந்து நீ எதையும் பிடுங்கவில்லை. அவர் சொல்கிறார், நீ கேட்கிறாய். ஆனால் எழுதியதை வைத்துப் பார்த்தால் சுக்கான் இன்னும் உன் கையில்தான் இருக்கிறது. அதை அவரிடம் கொடு. படகு கவிழ்ந்தால் கவிழட்டும், நீ வாயைத் திறக்காதே.

அவர் ஜெட்டிக்கு நடப்பதைப் பற்றி: கடலில் வாழ்ந்த மனுசர் கடலைப் பார்க்கப் போவதில் தப்பில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாரே, எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஆனால் உன் அம்மாவின் பயமும் வெறும் பயமில்லை. முப்பத்தைந்து வருடம் ஒவ்வொரு தடவையும் படகு திரும்பும்வரை கரையில் காத்திருந்தவர் அவர். நீங்கள் இரண்டு பேரும் கடலுக்குப் போனால் அவர் மறுபடி கரையில் தனியாக நிற்கிறார். அவரை முதலில் அந்த அறையில் உட்காரவை. ஆடச் சொல்லாதே, கூப்பிட்டு உட்காரவை, போதும். தோள் விஷயத்தை அப்பாவிடம் நேராகவே கேட்டுவிடு: மறுபடி தொழிலுக்குப் போகும் எண்ணம் இருக்கிறதா என்று. மனசுக்குள்ளேயே வைத்து மருகாதே.

தொண்டிக்காரன்

அக்கா, அப்பா கோடு எங்கே என்று கேட்டாரே, அதற்கு ஒரு தகவல். பேரண்ட்ஸ் கடலிலும் கோடு இருக்கிறது. நார்வேயும் ரஷ்யாவும் நாற்பது வருடம் பேசி, 2010 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். தகராறில் இருந்தது சுமார் 1,75,000 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கோடு வருவதற்கு முன்பே, 1970-களின் நடுவிலிருந்து, இரண்டு நாடும் கூட்டு மீன்வளக் குழு வைத்து ஆண்டுக்கு யாருக்கு எவ்வளவு மீன் என்று பேசிப் பங்கு போட்டார்கள். நமக்கும் இலங்கைக்கும் 1974-லும் 1976-லும் கோடு வந்தது, அந்த மாதிரிப் பங்கு வரவில்லை. அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க ஆசை.

பாம்பன் பொண்ணு

கோவையிலிருந்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

டீச்சர், 12-ஆம் தேதி ராத்திரி கன்ட்ரோலரை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். முதல் பத்து நிமிடம் துறைச் சுவரில் இரண்டு தடவை மோதினார். அப்புறம் மோதவில்லை. தொழிலுக்குப் போகும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டேன். "இந்தக் கைய வச்சிட்டு எவன் கூப்புடுவான், எவனுக்குப் பாரமா போவேன்? போக மாட்டேன். பாக்கத்தான் போறேன்" என்றார். அம்மா கதவுப் பக்கம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

15-ஆம் தேதி விடியற்காலை நாலரைக்கு என் போன் அடித்தது. பின்னால் படகு எஞ்சின் சத்தம் வரிசையாகக் கேட்டது. "எல்லாம் கிளம்பிட்டான் பாப்பா" என்றார். அதற்குமேல் பேசவில்லை. நான் எழுந்து லேப்டாப்பைத் திறந்தேன். "நம்மளும் கிளம்புவோம்பா" என்றேன். விளையாட்டில் வரும் ஹாமர்ஃபெஸ்ட் துறையிலிருந்து கிளம்பினோம். சுக்கான் அவர் கையில்.

சிஸ்டம் அண்ணா, பட்டன் அழுத்தினால் கண் இமைக்கும் நேரம் கழித்துத்தான் படகு திரும்புகிறது. எனக்கு அது எரிச்சலாக இருந்தது, அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என்ன பிரச்சினை என்றே புரியவில்லை. "படகு எப்பவும் சொன்ன உடனே திரும்பாது பாப்பா. நீவாட்டையும் கணக்குல வச்சு முன்னாடியே திருப்பணும்" என்றார். நெட் தாமதத்தை நீவாடு (நீரோட்டம்) மாதிரி கணக்கில் எடுத்து முன்கூட்டியே திருப்புகிறார். என்னால்தான் இன்னும் முடியவில்லை.

தொண்டித் தம்பி, ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து "மீனுக்குக் கணக்குப் போட்டுட்டு அப்புறம் கோடு போட்டிருக்கான்" என்றார். மறுநாள் ஜெட்டியில் நான்கைந்து பேரிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த வின்ச் பையனும் அங்கே இருந்திருக்கிறான், வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பாடு போட்டிருக்கிறார்.

அம்மா இப்போது அறையில் உட்காருகிறார், பூண்டு உரித்துக்கொண்டே. ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் நேற்று மீனை விற்று முடித்ததும் கேட்டார்: "மொத்தமா ஒரே எடத்துல குடுத்துட்டீங்களா? பக்கத்துத் துறையில என்ன வெலைன்னு கேட்டீங்களா?" நாங்கள் கேட்கவில்லை.

அண்ணா, கடைசியாக ஒன்று. டிவிக்குப் பின்னால் செருகும் இடங்களில் இப்போதே லேசாக வெள்ளை படிந்திருப்பதாக அப்பா சொல்கிறார். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதுமா, வேறு ஏதாவது போட்டுத் துடைக்க வேண்டுமா?